நாலாம் ஸ்தலத்துப் பாட்டு

தமிழ்நாட்டு மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, போர் முடிந்தபின் மன்னார்த் தீவுக்குத் திரும்பிய ஜெயந்தினியிடம் ஊரார் கண்ட ஒரே குறை அவள் பேச்சு. ‘ஓம்’ என்பதற்கு ‘ஆமா’ என்று வாய் தவறினால் போதும், “இந்தியாக்காரி” என்று கோயிலடிப் பெண்கள் சிரிப்பார்கள். ஒலிபெருக்கி, பாட்டுப்பதிவு என்று வந்தால் மட்டும் அவளைத்தான் தேடி வருவார்கள்.

அந்த ஊரில் பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை தெருத்தெருவாகப் போகும். பதினாலு ஸ்தலங்களில் ஒன்றை எந்த வீட்டு வாசலில் வைக்கிறார்களோ, அந்த வீட்டுப் பெண்தான் அங்கே ஒப்பாரி பாட வேண்டும். இயேசு தாயைச் சந்திக்கும் நாலாம் ஸ்தலம் அகஸ்ரினாவின் வாசலில். அவளுடைய மகன் ஜெனோஜன் போரின் கடைசியில் ஆமிக்காரரால் பஸ்ஸில் ஏற்றப்பட்டவன், திரும்பி வரவில்லை. சந்தியில் ஆமியின் காவலரண், சென்றி, இருந்ததால் அந்தத் தெருவில் அவன் பெயரை யாரும் உரத்துச் சொல்வதில்லை.

“சனத்துக்கு முன்னால என்னால ஏலாது பிள்ளை. வீட்டுக்க இருந்து பாடித் தாறன், நீ போட்டுவிடு. பாட்டு நடுவில நிண்டுதெண்டா நான் உடைஞ்சு போவன்,” என்றாள் அகஸ்ரினா.

“நிக்காது அக்கா. நான் பாத்துக்கொள்ளுறன்.”

ஒருத்திக்கு மட்டும் சலுகையா என்று ஊர் கேட்கும். அதனால் பதினாலு பெண்களின் பாட்டையும் தன் சின்ன எம்பி3 பிளேயரில் பதிந்தாள். டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் கொடுத்து, நாய் குரைத்ததையும் இருமலையும் வெட்டி, ஒன்று முதல் பதினாலு வரை நம்பர் போட்டுத் திரும்ப ஏற்றும்போது கரண்ட் போய்விட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட, முதலாவதையும் பதினாலாவதையும் மட்டும் போட்டுப் பார்த்தாள். இரண்டும் பாடின. தலையும் வாலும் இருந்தால் நடு எங்கே போகும்? அவசரக்காரியின் கணக்கு அது.

பெரிய வெள்ளி. ஓட்டோவின் கூரையில் ஒலிபெருக்கி, உள்ளே ஜெயந்தினி. முதல் ஸ்தலம் நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் பொத்தானை அமத்தினால், இயேசுவின் உடுப்பைக் களையும் பத்தாவது பாட்டு பாடுகிறது!

“இதுகளிட்டக் குடுத்தா இப்பிடித்தான்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வயரைப் பிடுங்கிவிட்டுத் திரையைப் பார்த்தாள். ஒன்றுக்குப் பிறகு பத்து, பதினொன்று, பதினாலு வரை. அதற்குப் பிறகுதான் இரண்டு. ஒன்றில் தொடங்கும் நம்பர்களையெல்லாம் அந்த மடப்பெட்டி முன்னால் அடுக்கி வைத்திருந்தது. கடைக் கொம்பியூட்டரும் அதே வரிசையில்தான் ஏற்றியிருக்கும். அப்படியென்றால் பதினாலு கடைசி இல்லை. கரண்ட் போனபோது ஏறிக்கொண்டிருந்தது எது?

இரண்டு. மூன்று. நாலு. அதற்குமேல் ஒன்றும் இல்லை.

நாலாவது முழுதாக ஏறியதா, பாதியா? காதில் மாட்டிக் கேட்கலாமென்றால் இயர்போனை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். மூன்றாம் ஸ்தலத்துச் செபம் முடிகிறவரை “மாதாவே, மாதாவே” என்பதைத் தவிர அவள் வாயில் வேறெதுவும் வரவில்லை.

அகஸ்ரினா வாசலில் செபமாலையோடு நின்றாள். ஜெயந்தினி பொத்தானை அமத்தினாள். கணீரென்று குரல் எழுந்தது. சனம் முழந்தாளிட்டது. ஒரு அடி, இரண்டு அடி, “என் மகனே” என்று இழுத்த இடத்தில் பாட்டு அறுந்தது.

சுவாமியார் திரும்பிப் பார்த்தார். ஜெயந்தினி மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

“அக்கா, பாதிதான் ஏறியிருக்கு. என்ர பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

அகஸ்ரினா அவளை ஏசவில்லை. மைக்கை வாங்கி, அறுந்த இடத்திலிருந்தே எடுத்துப் பாடினாள். மறுபடி “என் மகனே” வந்தபோது ராகம் போய்விட்டது.

“ஜெனோஜன்! எங்கையடா ராசா இருக்கிறாய்? அம்மா வந்திட்டனடா!”

சென்றியில் நின்ற ஆமிக்காரன் திரும்பினான்.

“சத்தத்தைக் குறை, ஜெயந்தினி! குறை!” என்று பல்லைக் கடித்தான் ஓட்டோக்காரன் சுபாஸ்.

ஜெயந்தினி ஓட்டோவுக்கு ஓடி வந்து ஒலிபெருக்கியின் திருகில் கையை வைத்தாள். இறுக்கிப் பிடித்து, அது போகிற மட்டும் கூட்டி வைத்தாள்.