நடுவில் ஒரு வீடு

1996-ஆம் வருடம். நியூஜெர்சியில் பிஸ்கட்டவே பக்கம் ஒரு அபார்ட்மென்டில் வாடகைக்கு இருந்தோம். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து நான் உண்டாகியிருந்தேன். அதே நேரம் சொந்த வீடும் அமைந்து வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தலைகால் புரியாத சந்தோஷத்தில் நான் செய்த காரியத்தை இதுவரை வெளியாட்கள் யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் வாங்கிய வீடு, சிசிலித் தீவிலிருந்து இளம் வயதில் வந்து குடியேறிய ஒரு வயதான தம்பதியுடையது. முதல் தடவை பார்க்கப் போனபோது அந்த ஆன்ட்டிதான் எங்களை அறை அறையாகக் கூட்டிப் போனார். "இந்தக் கதவு கொஞ்சம் பிடிக்கும், தூக்கி இழுக்கணும்" என்று இழுத்தும் காட்டினார். பிறகு காபி ஊற்றும்போது கோப்பையின் விளிம்புக்குள் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஊற்றினார். அப்போதுதான் அவருக்குக் கண் தெரியாது என்பதே எனக்குப் புரிந்தது. சர்க்கரை வியாதியில் பார்வை போய்ப் பல வருடமாம்.

"எல்லாம் கணக்குதான்" என்று சிரித்தார். அடுப்பிலிருந்து மேஜைக்கு ஐந்து காலடி, மேஜையிலிருந்து மாடிப்படிக்கு ஒன்பது, படி பதிமூன்று.

வீட்டை விற்றுவிட்டு அவர்கள் ஊருக்கே திரும்பிப் போவதாக இருந்தார்கள். கடற்கரைப் பக்கம் இல்லை. தீவின் நடுவே, மலைமேல் ஒரு சின்னக் கிராமம். ஆன்ட்டியின் அப்பா கட்டிய கல்வீடு. கீழே கோவேறு கழுதை கட்டுகிற இடம், மேலே இரண்டு அறை, வெளிப்பக்கமாக ஏறிப் போகும் படி பத்தொன்பது. ஊரில் பாதிப் பேர் பிழைப்புக்கு வெளிநாடு போய்விட்டதால் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவாம்; சல்லிசாகக் கிடைக்குமாம். ஆனால் அப்பா வீட்டையே சும்மா வாங்கிவிட முடியாது. அவருக்குப் பிறகு அது பதினொரு வாரிசுகளுக்குப் பிரிந்திருந்தது. அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் பத்திரம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் மாமனார் அரை சென்ட் இடத்துக்காகப் பங்காளிகள் வாசலில் மூன்று வருடம் செருப்புத் தேய நடந்தவர். அதைச் சொன்னதும் ஆன்ட்டியும் விழுந்து விழுந்து சிரித்தார். பழகிய சொந்தக்காரர் மாதிரிதான் அன்றைக்கு விடைபெற்றோம்.

ஜூலை இரண்டாம் வாரம் வீட்டை எங்கள் பெயருக்கு மாற்றி, சாவி வாங்குவதாக ஒப்பந்தம். அதற்கு ஒரு மாதம் இருக்கும்போது அங்கிள் மட்டும் எங்கள் அபார்ட்மென்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். பதினொரு பெயர், பத்துக்கு நேராக டிக். ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஒருவர் மட்டும் பாக்கி.

"ஆறு வாரம் டைம் குடுங்க. இந்த வீட்லேர்ந்து நேரா அந்த வீட்டுக்குப் போயிட்டா அவளுக்குக் கஷ்டமில்ல. ரெண்டும் அவ காலுக்குத் தெரிஞ்ச வீடு. நடுவுல இன்னொரு வீடு மட்டும் வேண்டாம்" என்றார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். என் கணவர் உடனே என்னைப் பார்த்தார்.

"பாவம், ஆறு வாரம்தானே. வெயிட் பண்ணலாமே" என்றார் தமிழில்.

"ஜூலை பாதியில ஆடி பொறந்துடும். ஆவணிக்குத் தள்ளினா எனக்கு ஏழாம் மாசம். ஆனிக்குள்ள பால் காய்ச்சணும்னு உங்கம்மா போன்ல சொன்னாங்கல்ல? ஏழு வருஷம் கழிச்சு வந்திருக்குங்க. ரிஸ்க் எடுக்கச் சொல்றீங்களா?"

அவர் பதிலுக்குக் காத்திராமல் நானே அங்கிளிடம் திரும்பி, எங்கள் மதத்தில் அந்த மாதம் ஆகாது, மன்னிக்க வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னேன். மதம் என்றதும் அவர் தலையை அசைத்தார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் அவர். அந்தச் சொல்லைச் சொன்னால் மறுபேச்சு வராது என்று தெரிந்தேதான் சொன்னேன்.

குறித்த நாளில் சாவி வாங்கினோம். புகை அலாரம் கத்தாமலிருக்க அதற்கு ஷவர் கேப் மாட்டிவிட்டு ஹோமம் செய்தோம். மின்சார அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது நான் அழுதேன், ஆனந்தத்தில். அவர்கள் பக்கத்து ஊரில் எங்கேயோ தற்காலிகமாக வாடகைக்குப் போயிருப்பதாகக் கேள்விப்பட்டேன். போன் செய்து விசாரிக்க வேண்டும் என்று நினைப்பேன். அப்புறம் மறந்துவிடுவேன்.

நவம்பர் ஆரம்பத்தில் ஒரு காலை, எனக்கு நிறைமாதம். வாசலில் அங்கிள் நின்றார். கையில் கோணிச் சாக்கும் கயிறும்.

"பின்னால இருக்கற அத்திமரத்தைப் பனிக்கு முன்னாடி மூடணும். உங்களுக்குத் தெரியாது. விட்டா செத்துடும்" என்றார்.

"ஆன்ட்டி எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

இறந்து மூன்று வாரம் ஆகிறது என்றார். வாடகை வீட்டுக்குப் போன பத்தாம் நாள் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்த புண் சர்க்கரையால் ஆறவில்லை. கடைசிவரை ஆஸ்பத்திரியிலிருந்து வரவே இல்லை.

"அந்த வீட்டுப் படி பதினாலு. அவ பதிமூணோட நிறுத்திட்டா."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, சாக்கைத்தான் பிரித்துக்கொண்டிருந்தார். என் மேல் அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஆஸ்திரேலியாக் கையெழுத்து என்ன ஆயிற்று என்று எப்படியோ கேட்டுவிட்டேன். ஆகஸ்ட் கடைசியில் வந்துவிட்டதாம். அவர் கேட்ட அதே ஆறு வாரம். அந்தக் கல்வீட்டையும் வாங்கிவிட்டார், ஆன்ட்டிக்கு வாக்குக் கொடுத்ததால். ஜனவரியில் தனியாகப் போகப்போகிறார். மரத்தைச் சுற்றிச் சாக்கைக் கட்டி முடித்து, அதற்கு முன்பே அதிலிருந்து வெட்டி வைத்திருந்த இரண்டு குச்சிகளை, ஊரில் நடுவதற்காக, ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை கூடவே போனேன், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

பிரசவத்துக்கு வந்த அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் திகைத்துப் போனார்.

"ஏஞ்சாமி, அந்தம்மாவுக்குப் பார்வை இல்லைன்னு எங்கிட்ட நீ சொல்லவே இல்லையே? சொல்லியிருந்தா, கொழந்த பொறக்கட்டும், தையில பால் காய்ச்சிக்கலாம்னு சொல்லியிருப்பனே!"

சொல்லவில்லைதான். சொன்னால் காத்திருக்கச் சொல்லிவிடுவாரோ என்றுதான் சொல்லவில்லை. பழியை அத்தை மேல் போட்டு இத்தனை நாள் தப்பித்துக்கொண்டிருந்த எனக்கு, அன்றைக்கு அந்த வழியும் அடைபட்டது.

இப்போது என் மகளுக்கு நாலரை வயது. மாடிப்படியில் தடதடவென்று ஓடுவாள். நான் பின்னாலேயே பதிமூன்றுவரை எண்ணிக்கொண்டு ஏறுவேன். போன வருடம் சிசிலியிலிருந்து ஒரு போட்டோ வந்தது. கல்வீடு, வெளிப்படி, அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு அத்திக்கன்று. படியில் யாரும் இல்லை. எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பதுதான். நல்ல நாள் பார்த்துத்தான் நான் இந்த வீட்டுக்குள் வலது காலை வைத்தேன். அந்த நாளில் வாசலைவிட்டு வெளியே போனவருக்கு அது என்ன நாள் என்று நான் பார்க்கவே இல்லை.