மெர்ட்டில் டுகனின் சலவைக்காரி பாட்டு

மெர்ட்டில் டுகனிடம் இருந்தது ஒரே ஒரு பாட்டு. ஃபால் ரிவர் நகரில் ஊர்த்துணி வெளுத்த தன் தாயின் கூன் முதுகையும் வசவுகளையும் வைத்து அவளே கட்டிய சிரிப்புப் பாட்டு. நாய் வித்தை, பந்து வித்தை, குட்டிக்கரணம், துண்டு நாடகம் எல்லாவற்றையும் ஒரே டிக்கெட்டில் காட்டும் வோட்வில் கொட்டகைகளில் ஏழு வருஷம் அதுதான் அவள் பிழைப்பு. பகலெல்லாம் தறிச் சத்தத்தில் வாய் திறக்க முடியாமல் நின்ற ஆலைப் பெண்கள், அதைக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

1915 நவம்பரில், ஓஹையோவின் டேட்டன் நகரில் அது கைவிட்டுப் போயிற்று.

திங்கட்கிழமைதோறும் புது ஊர், புதுக் கூட்டாளிகள். காலை ஒத்திகைக்கு வருகிறவர்கள் தங்கள் இசைத்தாள்களை மேடை விளிம்பில் வரிசையாக வைப்பார்கள். ஒரே பாட்டு இருவரிடம் இருந்தால், முதலில் வைத்தவருக்கே அந்த வாரம் அது சொந்தம். யார் எழுதியது என்று எவரும் கேட்பதில்லை. மெர்ட்டிலுக்கும் இது தெரியும். ஆனால் தன் பாட்டை இன்னொருத்தி வைப்பாள் என்று நினைக்காததால், நிதானமாகக் காப்பி குடித்துவிட்டு வந்தாள்.

வரிசையில் முதல் தாள் வேரா லிண்டல் என்ற புதுப்பெண்ணுடையது. அதே பாட்டு.

"இது என் பாட்டுடி! எங்கம்மா முதுகுடி அது!"

"அப்ப உங்கம்மாவையே காலைல எழுப்பிவிடச் சொல்லியிருக்கலாமேக்கா," என்றாள் வேரா. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள்.

வாத்தியக்குழுத் தலைவர் ரைகர்ட் தாள்களை அடுக்கினார். "நான் போட்ட சட்டமில்லம்மா. வேற ஏதாவது பாடு."

வேறு ஏதோ பாடினாள். முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். மதியக் காட்சி முடிந்ததும் மேனேஜர், வாசலில் மாட்டியிருந்த அவள் படங்களைக் கழற்றி வந்து கையில் கொடுத்தார். அந்தத் தொழிலில் வெளியே போ என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

அடுத்த வாரம் இண்டியானாவின் மன்சி. கொட்டகைக் கதவு திறக்குமுன்பே போய் நின்று முதல் தாளை வைத்தாள். டேட்டனுக்கு வருமுன் வேரா அங்கேதான் இதே பாட்டைப் பாடிவிட்டுப் போயிருந்தாள் என்பது அவளுக்குத் தெரியாது. முதுகை வளைத்து இரண்டு வரி பாடியதும் மாடியிலிருந்து ஒருவன் கத்தினான்.

"ஏ கிழவி! அந்தப் பொண்ணோட பாட்டத் திருடிட்டு வந்துட்டியா?"

"அவ உன்னவிட நல்லாக் கூனினா!" என்றான் இன்னொருவன்.

மெர்ட்டிலுக்கு அப்போது வயது முப்பத்தொன்று. அதன்பின் அவள் பாடவில்லை. ஒரு நாய் வித்தைக்காரரிடம் வளையம் பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். சில வருஷங்களில் வேராவின் படம் போட்டு அந்தப் பாட்டு இசைத்தாளாக அச்சாகிக் கடைகளில் விற்பனைக்கு வந்தது. எழுதியவர் என்று வேராவின் கணவர் பெயர் இருந்தது. மெர்ட்டில் ஒன்று வாங்கிப் படித்தாள். குடும்பங்கள் பாட ஏற்றதாக இருக்கட்டுமென்று, தாயின் வசவுகளை எல்லாம் நீக்கியிருந்தார்கள்.