புரட்டித் தைத்த காலர்

அப்பாவின் வெள்ளைச் சட்டையை அயர்ன் செய்துகொண்டிருந்தபோதுதான் அது தோன்றியது. காலர் மடிப்பில் நூல் பிய்ந்து பல்லிளித்தது. தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது! பிரித்து, புரட்டி, திரும்ப வைத்துத் தைத்தால்?

அது சனிக்கிழமை. நகரத்தின் ஓரத்தில், ஷ்வேப்யிதாவில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை மூடி நான்கு மாதம் ஆகியிருந்தது. திங்கட்கிழமை காலை நகரத்தின் நடுவே, கியாக்டடாவில் ஓர் அலுவலகத்தில் அவருக்கு நேர்முகம். போட்டுக்கொண்டு போக இருந்தது அந்த ஒரு சட்டைதான். நாட்டில் சண்டை வந்த பிறகு கடைக்குத் துணி வருவதே குறைவு. வருவதும் எங்களுக்கு எட்டுவதில்லை. கரண்டும் முறை வைத்துத்தான். அன்று எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டு மணிவரை. போனில் ஒரு வீடியோவைப் பாதி பார்த்ததுமே பிளேடை எடுத்துவிட்டேன்.

பிரித்தால், உள்ளே விறைப்புக்கு வைத்திருந்த கேன்வாஸ் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கைக்கு அகப்பட்டது அம்மாவின் பழைய தமேன், பெண்கள் கட்டும் லுங்கி. துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்து, கரண்டு போவதற்குள் மெஷினில் ஓட்டிவிட்டேன். காலர் நிமிர்ந்து நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"மேமே, வந்து பாருங்க!"

அம்மா பர்மியப் பெண். மிச்சத் துணியைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்து, 'ஐயோ' என்பதைப் பர்மிய மொழியில் கூவினார். "அமலே! என் தமேனையா அப்பா கழுத்துல வச்சுத் தச்ச?"

பெண்ணின் கீழாடை ஆணின் தலைப்பக்கம் போனால் அவன் மேன்மை இறங்கிவிடும் என்பது அவர் நம்பிக்கை. கொடியில்கூடத் தாழ்வாகத்தான் காயப்போடுவார். தெரிந்திருந்தும், அவசரத்தில் எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை.

"உள்ளேதானே இருக்கு, யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே, தமீ" என்றார்; மகளை அப்படித்தான் கூப்பிடுவார். " அவர் திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும்."

தமிழரான அப்பா வாசலிலிருந்து சிரித்தார். "முப்பது வருஷமா உங்கம்மா சொல்லுக்கு அடங்கித்தான் கெடக்கேன். இனிமே இறங்க என்ன இருக்கு?"

"நீங்க சும்மா இருங்க!" என்று அதட்டிவிட்டு, அம்மா அவருடைய தலையணை உறையைக் கொண்டுவந்தார். "தெனமும் அவர் தலைக்கு அணைவா இருந்தது. இதை வை."

கரண்டு போய்விட்டது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றிருந்தேன். அம்மாவோ ஜன்னலோரம் உட்கார்ந்து, துணி கிழியாமல், நான் ஓட்டிய தையல் ஒவ்வொன்றையும் ஊசிமுனையால் எடுத்துக்கொடுத்தார். உறைத் துணியை இரட்டையாக மடித்து வைத்து, ஆளுக்கொரு முனையிலிருந்து கையாலேயே தைத்து முடித்தோம். என் பக்கம் கோணல், அவர் பக்கம் நேர். அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது.

திங்கள் மதியம் அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "புதன்கிழமையிலேருந்து வரச் சொல்லிட்டாங்க. தெனமும் வெள்ளைச் சட்டையாம்!"

"தெனமுமா?" என்றார் அம்மா. மூவரும் சிரித்துவிட்டோம்.

நான் படித்த காலத்து வெள்ளைச் சட்டைகள் இரண்டு, பெட்டியில் கிடக்கின்றன. மேல்சட்டைதானே, பரவாயில்லையா என்று அம்மாவிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டுவிட்டேன். ஒன்றை வெட்டி மற்றொன்றின் இரண்டு பக்கமும் சேர்த்தால் அப்பாவின் அகலம் வந்துவிடும். பெண்கள் சட்டை என்பதால் பித்தான்தான் பக்கம் மாறி இருக்கிறது. நாளைக் காலை ஆறு மணிக்குக் கரண்டு; அதற்குள் அளவெடுத்து வைக்க வேண்டும்.