ஏஜென்ட் இருக்க நானே விற்ற வீடு

நான் அதிகம் படித்தவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். தமிழ் வாசிப்பேன், அவசரப்படுத்தாவிட்டால் எழுதவும் எழுதுவேன். இங்கிலீஷில் பஸ் நம்பர், கடையில் விலை, என் கையெழுத்து, அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான் லண்டனில், டூட்டிங்கில் முப்பது வருஷம் ஒரு வீட்டை ஆண்டேன். கடைசியில் அதை நானே விற்றேன். அதுவும் ஒரு ஏஜென்டின் தாளில் என் கையெழுத்து இருக்கும்போதே விற்றேன். கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இப்போது எழுதி வைக்கிறேன்.

போன பனிக்காலத்தில் மாடியிலிருந்து இறங்கும்போது நாலு படி சறுக்கினேன். எனக்கு ஒன்றும் முறியவில்லை. குரோய்டனில் இருக்கும் மகள்தான் முறிந்துபோனாள். "அம்மா, இனி உங்களுக்குப் படி இல்லாத வீடு" என்று தீர்ப்புச் சொன்னாள். அப்படியென்றால் ஆர்ச்வேயில், முருகன் கோயிலுக்குக் கிட்ட வேண்டும் என்றேன் நான். அங்கே நிலமட்டத்தில், படி இல்லாத ஒரு சின்ன வீடும் அகப்பட்டது. கோயிலுக்குப் போகும் தெரு நல்ல மேடு. பரவாயில்லை, ஏறுவதற்குப் பஸ் இருக்கிறது, இறங்குவதற்கு நான் இருக்கிறேன்.

டூட்டிங் வீட்டை விற்க மகள் ஒரு ஏஜென்டைப் பிடித்துத் தந்தாள். எங்கள் தமிழ் ஆள்தான். ஜெர்மனியில் வளர்ந்து, பிறகு இங்கே வந்து ஒஃபிஸ் திறந்தவர். நாற்பது வயது இருக்கும். காலில் போட்ட சப்பாத்து கண்ணாடிபோல் மின்னும். வந்த அன்றே எல்லாச் சுவர்களையும் விரலால் தட்டிப் பார்த்தார். வைத்தியர் நெஞ்சைத் தட்டுவதுபோல் இருந்தது. வீடு இருமாமல் நின்றது.

"அம்மா, வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு எங்கட ஒஃபிசுக்கு வாங்கோ. ஒரு கோப்பி, ஒரு கையெழுத்து. முடிஞ்சுது அலுவல்."

நான் கோயில் கலண்டரைப் பார்த்தேன். "வியாழன் ரெண்டு மணி ராகு காலம் தம்பி."

"அம்மா, இது லண்டன்."

"ராகுவுக்கு விசா தேவையில்லை. வெள்ளி காலமை ஒன்பது மணிக்கு நீங்கள் இங்க வாங்கோ. சாமிக்கு முன்னால வைச்சுத்தான் போடுவன்."

வந்தார், பாவம். என் சாமி அறை மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரி. குனிந்து வந்தவர் நிமிரும்போது தலையை இடித்துக்கொண்டார். நான் விளக்கைக் கொளுத்தி, தாளின் மூலைகளில் குங்குமம் வைத்தேன். "ஐயோ அம்மா, இதை ஸ்கான் பண்ணவேணும்!" என்றார். "குங்குமமும் சேர்ந்து ஸ்கான் ஆகட்டும், நல்லதுதானே" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி இருந்தது. "உடனே வேலை துவங்கச் சொல்லி அதிலயும் ஒரு கோடு போடுங்கோ" என்றார். அந்த நேரம் பார்த்து அவருடைய ஃபோன் அடித்தது. அவர் பேசிக்கொண்டே வெளியே போய்விட்டார். விளங்காத இடத்தில் கோடு போடும் பழக்கம் எனக்கு இல்லை. பெட்டி பெட்டியாகவே இருந்தது.

பின்னேரம் மகள் ஃபோனில் கேட்டாள், "எல்லாம் வாசிச்சுத்தானே போட்டனீங்கள்?"

"ஒரு சொல் விடாமல்" என்றேன். இந்த வயதில் அந்த ஒரு பொய்க்காவது எனக்கு உரிமை இருக்கிறது.

அடுத்த நாளே ஏஜென்ட் முன் தோட்டத்தில் விற்பனைப் பலகை நட்டுவிட்டார். பலகை வந்து இரண்டு நாளில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தாள். அந்தப் பிள்ளை பிரான்சிலிருந்து வந்தவள். புருஷன் பஸ் ஓட்டுகிறான், இரண்டு பெண் குழந்தைகள். பக்கத்து வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் வேலிக்கு மேலால் எட்டி, "அன்ரி, வீடு விக்கிறதெண்டா எனக்குத்தான் முதல் சொல்லவேணும்" என்றிருந்தாள். நானும் "உனக்குத்தான் பிள்ளை" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் விற்கும் நேரம் வந்தபோது, இவர்களுக்கு எங்கே ஏலப்போகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அது என் பிழைதான்.

அவள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.

"அன்ரி, வாக்குத் தந்தனீங்கள். இப்ப பலகை தந்திருக்கிறியள்."

அவள் கைப்பையிலிருந்து வங்கிக் கடிதத்தை எடுத்து நீட்டினாள். கடன் தர வங்கி சம்மதித்திருந்தது. பலகைக்காரர் சொன்ன அதே விலைதான். ஒரு பவுண்டு குறைத்துக் கேட்கவும் இல்லை, ஒரு பவுண்டு கூட்டித் தர அவளால் ஏலவும் ஏலாது. அவர்கள் இருந்த மேல்மாடியை வீட்டுக்காரன் கோடைக்கு முன் விடச் சொல்லிவிட்டானாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடமோ இரண்டு தெரு தள்ளித்தான். அவளை உள்ளே இழுத்து இருத்தி, வீடு உனக்குத்தான் என்று மறுபடி வாக்குக் கொடுத்தேன்.

உடனே ஏஜென்டுக்கு ஃபோன் எடுத்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தம்பி, வீட்டை வித்துப்போட்டன்!"

"ஆருக்கு?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு."

"நல்லது அம்மா. எங்கட கொமிஷன் அப்பிடியே இருக்கும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் கலியாணத் தரகர் இருப்பார். அவர் கொண்டுவந்த மாப்பிள்ளை பொருந்தினால்தான் அவருக்குக் காசு. நாங்களே பக்கத்துத் தெருவில் ஒருவனைப் பார்த்து முடித்துவிட்டால், தரகர் கலியாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போவார். வீட்டுத் தரகும் அப்படித்தான் என்று எண்ணியிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன்.

"அம்மா, இது கலியாணம் இல்லை. நீங்கள் எனக்குத் தந்தது தனி உரிமை. இந்த ஒப்பந்தம் இருக்கும்வரைக்கும் ஆர் வாங்கினாலும் எனக்குக் கொமிஷன். உங்கட அலுமாரிக்குள்ள இருக்கிற சாமி வந்து வாங்கினாலும் எனக்குக் கொமிஷன்."

அந்தக் காசு என் கையை விட்டுப் போனால் ஆர்ச்வே வீடு எனக்கு எட்டாது. அதை விலையில் ஏற்றினால் டூட்டிங் வீடு அந்தப் பிள்ளைக்கு எட்டாது. இரண்டு தரம் கொடுத்த வாக்கு நடுவில் தொங்கியது. வேலியருகில் அவள் "அன்ரி, எல்லாம் சரிதானே?" என்று கேட்டாள். "சரியாகாமல் என்ன?" என்று சிரித்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், வேலிப் பக்கமே நான் போகவில்லை.

கையெழுத்துப் போட்ட பதினோராம் நாள் ஒப்பந்தத் தாள்களை எடுத்து மேசையில் பரப்பி, பூதக்கண்ணாடியால் ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன, தாள்களோடு பழகியவள் நான். வந்த புதிதில் விசாவுக்காக எத்தனை தரம் குரோய்டனில் வரிசையில் நின்றிருப்பேன், கவுன்சிலுக்கு எத்தனை தாள் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். அதில் கற்றது ஒன்று உண்டு. நெருக்கி அச்சடித்த தாள் அவர்களுக்கு; கோடு போட்டு இடம் விட்ட தாள் எங்களுக்கு. இந்தக் கட்டில் கடைசித் தாள் ஒன்றில்தான் வெறும் கோடுகள் இருந்தன. அதன் தலைப்பில் இருந்த சொல்லைப் பார்த்ததும் எனக்கு முகம் தெரிந்தவரைக் கண்டதுபோல் இருந்தது. மகள் வீட்டுக்குப் போக ரயிலுக்கு நிற்கும்போது ஸ்டேஷன் பலகையில் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! அந்தச் சொல் விழுந்தால் ரயில் ரத்து, என் கால் தானாகவே பஸ் நிறுத்தத்துக்குத் திரும்பிவிடும். தாளில் அந்தச் சொல்லின் வால் கொஞ்சம் வேறாக இருந்தது. தலை அதே தலைதான். கொஞ்சம் மேலே பதினாலு என்ற இலக்கம். பக்கத்தில் இருந்தது நாளைக் குறிக்கும் சொல். அது கலண்டரில் பார்த்துப் பழகியது.

யாரிடம் வாசிக்கக் கொடுப்பது? மகளிடம் கொடுத்தால் நான் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டது தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தால் வாக்கு தொங்குவது தெரிந்துவிடும். இங்கிலீஷ் படித்த ஆள் எனக்குத் தெரிந்து இன்னும் ஒருவர்தான் மிச்சம். அவரை அடுத்த நாள் வரச் சொல்லி, உளுந்து ஊறப் போட்டேன்.

ஏஜென்ட் வந்து உட்கார்ந்தார். சுடச்சுட வடை வைத்தேன்.

"தம்பி, எனக்குக் கண் சரியாத் தெரியுதில்லை. இந்தக் கடைசித் தாளை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ."

தாளைப் பார்த்தார். வடையைப் பார்த்தார். "அது ஒண்டுமில்லை அம்மா. சும்மா எல்லாருக்கும் வைக்கிறது."

"சும்மா வைக்கிறதெண்டா சும்மா வாசியுங்கோவன்."

"வடை நல்லா வந்திருக்கு."

"வடையைப் பற்றி எனக்குத் தெரியும். தாளைத்தான் தெரியாது."

பெருமூச்சு விட்டு வாசித்தார். ஒப்பந்தம் செய்தவர், செய்த நாளிலிருந்து பதினாலு நாளுக்குள், காரணம் எதுவும் சொல்லாமலே, இந்தத் தாளை நிரப்பிக் கொடுத்து அதை ரத்துச் செய்யலாம். போகப்போக அவர் குரல் தேய்ந்துகொண்டே வந்தது.

"கொஞ்சம் உரத்து, தம்பி. காதும் முந்தினமாதிரி இல்லை." பக்கத்து வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று சொல்லும் காது எனக்கு. அது அவருக்குத் தெரியாதே.

மறுபடி உரத்து வாசித்தார்.

"காரணம் சொல்லத் தேவையில்லையோ?"

"தேவையில்லை."

"நல்ல சட்டம். எங்கட சனமெண்டா காரணம் கேட்டுக் கேட்டே ஆளை முடிச்சுப்போடும். இண்டைக்கு எத்தினையாவது நாள்?"

"பன்ரண்டு" என்றார், வடையைக் கீழே வைத்துவிட்டு.

"அப்ப இதை நீங்களே நிரப்புங்கோ தம்பி. என்ர எழுத்து கோணல்."

"அம்மா! என்னை வெட்டுறதுக்கு என்ர கையிலயே கத்தியைத் தாறியளோ?"

"பேனைதானே தாறன்."

அவர் கடைசியாக ஒரு வழி பார்த்தார். "சரி, நான் படம் எடுத்தனான், பலகை நட்டனான். அதுக்கு?"

"உடனே துவங்கச் சொல்லி நான் கோடு போட்டனானோ? பாருங்கோ."

தாளைப் புரட்டினார். பெட்டி வெள்ளையாக இருந்தது; நான் கேட்காத வேலைக்குக் காசு கேட்க அவருக்கு வழியில்லை. பக்கத்தில் குங்குமம் மட்டும் கொஞ்சம் சிந்தியிருந்தது.

ஒன்று சொல்லவேண்டும், அவர் கெட்டவர் இல்லை. எழுந்து போயிருக்கலாம், போகவில்லை. அழகான எழுத்தில் முழுவதையும் நிரப்பினார், நாளும் போட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். "இதைப் படம் எடுத்து உங்கட ஃபோனில இருந்து எனக்கு ஒண்டு அனுப்பிவிடுங்கோ" என்றேன். அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஒண்டு தெரியுமோ அம்மா? நீங்கள் எங்கட ஒஃபிசுக்கு வந்து போட்டிருந்தா இந்தத் தாளே இருந்திராது. வீட்டில வைச்சுப் போட்டவைக்குத்தான் இந்தப் பதினாலு நாள்."

சுவரில் இருந்த கோயில் கலண்டரைப் பார்த்தேன். அவரும் திரும்பிப் பார்த்தார்.

"வியாழன் ரெண்டு மணி" என்றார் மெதுவாக.

மிச்ச வடையைக் கட்டிக் கொடுத்தேன். அதைக் காரில் வைத்துவிட்டு முன் தோட்டத்துக்குள் இறங்கிப் பலகையைப் பிடுங்கத் தொடங்கினார். நல்ல மழை பெய்திருந்தது, மண் அவரை விடவில்லை. மின்னிய சப்பாத்து சேற்றுக்குள் போய்விட்டது. பக்கத்து வீட்டு மேல்மாடி ஜன்னல் திறந்தது.

"அன்ரி! பலகை போகுது!"

"போகட்டும் பிள்ளை. வாக்கு நிக்குது."

அவள் படியால் ஓடி இறங்கி வரும் சத்தம் கேட்டது. என்ன நடக்கிறது என்று தெரியாமலே பலகையின் மற்றப் பக்கத்தைப் பிடித்து அவளும் இழுத்தாள். அந்த நேரம் பார்த்து மகளின் ஃபோன் வந்தது.

"அம்மா, அந்த ஏஜென்ட் ஏதாவது செய்யிறாரோ, இல்லாட்டிச் சும்மா இருக்கிறாரோ?"

"ஓம் பிள்ளை, வாசலில நிண்டு செய்யிறார்" என்றேன். "இண்டைக்குத்தான் மினக்கெட்டுச் செய்யிறார்."