பேசாமல் கதையுங்கோ

எங்கள் பங்குக் கோயிலிலிருந்து பதினோரு பேர் இலங்கைக்குப் போனோம். யாழ்ப்பாணத்துக்கு அந்தப் பக்கம், கடலோரத்தில் ஒரு மீன்பிடி ஊர். நடக்க முடியாத பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பது, சக்கர நாற்காலிக்கு அளவெடுப்பது, கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு அரிசி பருப்பு கொடுப்பது. இதுதான் ஊழியம், ஐந்து நாள். என்னைச் சமையலுக்குத்தான் கூட்டிப் போனார்கள் என்று சிலர் ராயபுரம் கல்மண்டபம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். நேரமாகும், ஆனால் பொய் வராது.

சமைத்தேன், உண்மைதான். மூன்று வேளையும் சமைத்தேன். அது போக இன்னொரு வேலையும் செய்தேன்.

குழுவுக்குத் தலைவி ஓய்வு பெற்ற ஒரு டீச்சர். விமானம் ஏறுமுன்பே எங்களை வரிசையாக உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். "அங்கேயும் தமிழ்தான், பாஷைப் பிரச்சினையே கிடையாது" என்றார். படித்தவர் சொல்கிறாரே என்று நம்பினேன்.

மூன்றாம் நாள், பட்டியலில் இருந்த ஒரு பெண் மட்டும் முகாமுக்கு வரவில்லை என்று தெரிந்தது. பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்து கால் இரண்டும் வராது. வீட்டுக்குள் கையை ஊன்றி நகர்வாளாம். வாசல் தாண்டியதில்லை. நேரில் உட்கார வைத்து இடுப்பு, தொடை, முதுகு எல்லாம் அளந்தால்தான் நாற்காலி செய்வார்கள். அளவெடுக்கிறவர் ஐந்தாம் நாள் மதியம் கிளம்பிவிடுவார். அதற்குள் அவள் வராவிட்டால் நாற்காலி இல்லை. மறுபடி எப்போது வருவோம் என்று யாருக்கும் தெரியாது.

டீச்சர் போய்க் கூப்பிட்டார், வரவில்லை. "நான் போறேன்" என்றேன். நாற்பது வருடம் மீன் விற்றவள் நான். வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்தியவளிடமே வஞ்சிரம் விற்றிருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தாள். அறைக்கதவு லேசாகத் திறந்திருந்தது. கதவுப் பக்கம் போய், குரலைத் தேனாக்கிக்கொண்டு சொன்னேன்.

"பயப்படாத கண்ணு. நான் சும்மா பேசத்தான் வந்துகீறேன். நாளிக்கு எங்க டீச்சரம்மா வந்து பேசுவாங்க. அப்பால பங்குச் சாமியாரு வந்து பேசுவாரு. நீ வெளிய வர்ற வரிக்கும் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பேசிக்கினே இருப்போம்."

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

அம்மாவின் கை வலையிலேயே நின்றது. "ஏனம்மா பேசப் போறீங்கள்? பிள்ளை என்ன பிழை செய்தவள்?"

"தப்பு பண்ணாத்தான் பேசணுமா? ஆசைகீற எடத்துல பேசறது தான்ம்மா. எங்க வூட்டுக்காரராண்ட காலைல எந்திரிச்சதுலேர்ந்து படுக்கற வரிக்கும் பேசுவேன். இப்ப அவரு இல்ல. போட்டோவாண்ட பேசிக்கினு கீறேன்."

"பாவம், அந்த மனுசன்" என்றாள் அவள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வாங்கோ. பிள்ளையைப் பேசாமல் கொஞ்சம் கதையுங்கோ" என்றாள்.

பேசாமல் எப்படிக் கதை சொல்வது? வழியெல்லாம் யோசித்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். டீச்சரிடம் கேட்டால் அவர் ராயபுரம் திரும்பும்வரை அதைச் சொல்லிச் சிரிப்பார். கேட்கவில்லை. கதை வேண்டும் என்கிறாள், அவ்வளவுதானே என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் சாத்திய கதவுக்கு முன்னால் உட்கார்ந்து ஆரம்பித்தேன். வேதாகமக் கதை எல்லாம் இல்லை, என் கதைதான். காசிமேட்டில் உயிர் நண்டு ஒரு கூடை எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் பஸ்ஸில் ஏறியது, கூடையின் கட்டு அவிழ்ந்தது, சீட்டுக்கு அடியில் நண்டு பரவியது. கண்டக்டர் சீட்டு மேல் ஏறி நின்று விசில் ஊதினார். ஒரு சேட்டு அம்மா பக்கத்து ஆள் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டார், யார் எவர் என்று பார்க்கவில்லை. பஸ் முழுக்க ஒருத்தர் கால் தரையில் இல்லை.

உள்ளே சிரிப்புச் சத்தம். பிறகு ஒரு குரல். "ஆச்சி, நண்டு ஆரைக் கடிச்சது?"

"அத்த கதவத் தொறந்தாத்தான் சொல்வேன்."

தாழ்ப்பாள் விலகியது. தரையில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தாள். நல்ல கூர்மையான கண். "டிரைவர" என்றேன். அவள் சிரித்து முடித்தபின் கேட்டாள்.

"நேற்று பேசுவன் எண்டு சொன்னீங்கள். இண்டைக்கு வடிவாக் கதைக்கிறீங்கள். ஏன்?"

"ரெண்டும் ஒண்ணு தானேம்மா."

"இல்லை ஆச்சி. எங்கட இடத்தில பேசுறது எண்டா ஏசுறது."

"ஏசுவா?" என்றேன். பக்தியோடு சிலுவை போட நெற்றிக்குக் கை போய்விட்டது.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏசுறது, ஆச்சி. திட்டுறது. நீங்கள் பேசுறது எண்டு சொல்லுறதைத்தான் நாங்கள் கதைக்கிறது எண்டுவம்."

ஐயோ சாமி. முந்தின நாள் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சாமியார் வரை வரிசையாக வந்து திட்டுவோம் என்று ஒரு பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். செத்த புருஷனை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவோ வலையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

முகாமுக்கு வருகிறாயா என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. போன வருடம் எங்கிருந்தோ ஒரு கூட்டம் வீட்டுக்கே வந்து அவளை நடுவில் வைத்து ஆளாளுக்குப் படம் எடுத்ததாம். அழச் சொன்னார்களாம். "நான் அழேல்லை. பிறகு ஒருத்தருக்கும் முகம் காட்டேல்லை" என்றாள். "படம் எடுக்காட்டி வாறன்."

"ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. நான் கீறேன்" என்றேன்.

ஐந்தாம் நாள் காலை அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். அளவெடுக்கிறவர் நாடாவை எடுத்ததும் டீச்சர் கைப்பேசியை எடுத்தார்.

"டீச்சர், வேணாம்."

"ஒண்ணே ஒண்ணு, அக்கா. பங்கு நோட்டீஸ் போர்டுக்கு வேணும். நகருங்க."

அவர் இடப்பக்கம் போனார், நான் இடப்பக்கம் நின்றேன். வலப்பக்கம் வந்தார், நானும் வந்தேன். என்னைச் சுற்றிப் படமெடுக்க வேண்டுமென்றால் இலங்கையே போதாது. எனக்குப் பின்னால் நாடா போடுகிற சத்தமும், "கூசுது" என்று அவள் சிரிக்கிற சத்தமும் கேட்டது. அப்படியே இடுப்பு, தொடை, முதுகு எல்லாம் அளந்து முடித்தார்கள்.

நோட்டீஸ் போர்டில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. முழுக்க என் முதுகு. அடியில் 'பயனாளிக்கு அளவெடுத்தல்' என்று டீச்சர் எழுதியிருக்கிறார். கூட்டிப் படித்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது. நாற்காலி வந்து சேர்ந்ததாம், அச்சாகப் பொருந்தியதாம். சந்தோஷமாகச் சொல்லுவாள் என்று பார்த்தால் ஒரே புகார். காலையில் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருகிறாளாம், படகுத்துறையில்தான் கிடக்கிறாளாம், கூப்பிட்டால் இன்னும் வேகமாக ஓட்டுகிறாளாம்.

"சக்கரத்துக்கு ஒரு பூட்டுப் போடேலுமோ எண்டு உங்கட ஆக்களிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ அம்மா."

அந்த ஊழியம் எங்கள் பங்கில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.