மீர்ஸா அண்ணன் புல்லில் கால் வைத்த நாள்

என் அண்ணன் மீர்ஸா புல்லில் கால் வைக்கமாட்டார். தார் ரோடு, சிமெண்டுத் தரை, ஆடு போய்ப் போய்த் தேய்ந்த பாதை. இவற்றை விட்டு வெளியே அவர் நடந்து யாரும் பார்த்ததில்லை. வீட்டு முற்றத்தில் அண்ணி பக்‌ஷான் போட்டிருந்த புதினாப் பாத்தியைக்கூடப் பிடுங்கிவிட்டு சிமெண்டு பூசினார். அண்ணி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

வாலிப வயதில் காட்டுக்கீரை பறிக்க மலைக்குப் போனவர், போர்க்காலத்தில் புதைத்து வைத்த கண்ணிவெடியை மிதித்துவிட்டார். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அன்றிலிருந்து ரப்பர் பாதம் வைத்த கட்டைக்கால்தான். எங்கள் மலையூரான பென்ஜ்வின் கடைத்தெருவில் குளிர்காயும் மண்ணெண்ணெய் அடுப்புகளைப் பழுது பார்த்துப் பிழைத்தார். ஒரு வேளைத் தொழுகை விட்டதில்லை. யாரிடமும் கோபமாகப் பேசியதில்லை. கடைக்கு வருகிறவர்கள் அவரைச் சீண்டுவார்கள்.

"மீர்ஸா, சொர்க்கம் பூரா புல்வெளியாமே. நீ எங்கய்யா நிப்பே?"

"வாசப்படி கல்லாத்தானே இருக்கும்? அங்கேயே உட்கார்ந்துக்கிறேன். நீ உள்ள போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு."

கடைக்குப் போகும்போதும் வரும்போதும் அவருக்கு முன்னால் ஒரு நாய் நடக்கும். குர்கோ என்று பெயர். கிடை காக்கும் சாதி, கன்றுக்குட்டி அளவு இருக்கும். அண்ணன் மகள் குனாவ் ரொட்டி ஊட்டி வளர்த்தது.

குனாவுக்குத் தூரத்து ஊரில் கல்யாணம் நிச்சயமானது. போவதற்கு முன் நர்கிஸ் பூக்களுக்கு நடுவே ஒரு குடும்பப் படம் வேண்டும் என்றாள். குர்கோவும் அதில் இருக்க வேண்டுமாம்.

"நாயுமா?" என்றேன் நான். "ஈர நாய் மேல பட்டா தொழ முடியாது, ஏழு தடவை கழுவணும், அதுல ஒண்ணு மண்ணால. படம் எடுக்கப் போறோமா, துணி துவைக்கப் போறோமா?"

"அத்தை, அது ஒரு ஓரம், நீங்க ஒரு ஓரம். நடுவுல நாங்க சுவர் மாதிரி நிக்கிறோம், போதுமா?"

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் போனோம். ரோட்டை ஒட்டிய சரிவு அது. வசந்தம் வந்தால் ஊரே அங்கே பாய் விரித்துச் சாப்பிடும். முதல் நாள் பெய்த மழையில் மண் சொதசொதவென்று இருந்தது. அண்ணன் ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டார்.

"எல்லாரும் உட்கார்ற இடம்தான்ப்பா. அதோ பாருங்க, அடுப்பு மூட்டின கல்லெல்லாம் கிடக்கு."

மகள் முகத்தைப் பார்த்தார். பிஸ்மில்லா சொல்லி இறங்கினார்.

படம் எடுக்க சுலைமானி நகரத்திலிருந்து ஹாவ்கார் என்று ஒருவர் வந்திருந்தார். பருத்த உடம்பு, ஓயாத பேச்சு. அடுப்புக்கல் இருந்த இடத்தைத் தாண்டி, பூ அடர்ந்த மேட்டுக்கு எங்களை ஏற்றினார். நிற்க வைத்துப் பார்த்தால், எங்கள் நீளப் பாவாடைகளுக்குள் படுத்துக்கொண்ட நாய் காணாமல் போனது.

"ஒரு கல்லு மேல ஏத்தினா இவரும் மாப்பிள்ளை மாதிரி தெரிவாரு" என்று சொல்லி, கீழே போய் அந்தப் பழைய அடுப்பிலிருந்து ஒரு கல்லைத் தூக்கி வந்தார். கரி அப்பிய கல். குர்கோ ஏறி உட்கார்ந்தது. அதற்கு ஓரிடத்தில் இருப்பு கொள்ளாது. ஈரக் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தது.

நாலைந்து படம் எடுத்தார். பிறகு முக்காலியை விட்டுவிட்டு, கேமரா கழுத்தில் தொங்க, என் பக்கத்தில் ஏறி வந்து நின்றார்.

"மாமா, என்னைப் பாருங்க. கல்லை ஏன் பார்க்கிறீங்க?"

"அப்படியே நில்லு" என்றார் அண்ணன். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. "யாரும் காலை எடுக்காதீங்க."

நாயின் கால் பட்டுக் கரி வழிந்த இடத்தில் சிவப்புச் சாயம் தெரிந்தது. மறுபாதியில் வெள்ளை.

எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் அது தெரியும். கண்ணிவெடி எடுப்பவர்கள் எல்லை காட்ட வைக்கும் கல். வெள்ளை பார்க்கும் பக்கம் நடக்கலாம். சிவப்பு பார்க்கும் பக்கம் கால் வைக்கக்கூடாது. யாரோ தேநீர் போட அதையெல்லாம் பெயர்த்து அடுப்பாக்கியிருக்கிறார்கள். வரிசை எங்கே இருந்தது, நாங்கள் எந்தப் பக்கம் நிற்கிறோம், இறைவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆபத்தில் ஓதும் குர்சி வசனம் பாதியில் மறந்துபோனது. ஆயுசு முழுக்க ஓதியது.

குர்கோவுக்கு எங்கள் பயம் வாடையில் தெரிந்துவிட்டதோ என்னவோ, முனகிக்கொண்டு கல்லை விட்டு இறங்கி என் பக்கம் வந்தது. பாய்ந்து ஓடினால் என்ன ஆகும்? நான் குனிந்து அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். அதன் ஈர மூக்கு என் கழுத்தில் இருந்தது. அதன் நெஞ்சு அடிப்பதா, என் நெஞ்சு அடிப்பதா என்று தெரியவில்லை.

அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கட்டைக்கால் குதி பட்ட இடத்துல மண்ணு குழி விழுந்திருக்கு. ஏறி வந்த வழி பூரா இருக்கும். நான் முன்னாடி போறேன். நான் மிதிச்ச இடத்துலதான் மிதிக்கணும்."

"நீங்க முன்னாடி வேண்டாம்" என்று அண்ணி அழுதாள்.

"பயப்படாதே. முதல்ல கட்டைக்காலைத்தான் வைப்பேன். அதுக்கு வலிக்காது. ஹாவ்கார், நாயைத் தோள்ல தூக்கிக்க."

"மாமா, கடிச்சிடுமே..."

"கடிச்சா தையல் போட்டுக்கலாம்ப்பா."

ஆட்டுக்குட்டியைப் போடுவதுபோல் அந்தப் பெரிய நாயைத் தோளில் போட்டுக்கொண்டார் அந்த மனிதர். அண்ணன் ஒரு குழியில் கட்டைக்காலை வைப்பார், மூச்சு விடுவார், மற்றக் காலை அதன் மேலேயே கொண்டுவருவார். ஓரிடத்தில் புல் நிமிர்ந்து குழியை மூடியிருந்தது. வெகுநேரம் நின்றார். குனாவ் "அப்பா" என்றாள். அவர் திரும்பவில்லை. குனிந்து விரலால் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தார். பிறகு காலை வைத்தார்.

தார் ரோடு வந்ததும் அண்ணன் அப்படியே நெற்றியைத் தாரில் வைத்தார். நாங்களும் வைத்தோம். குர்கோ ஹாவ்காரின் காதை நக்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ஏழு தடவை கழுவினேன். மண்ணால் கழுவும் தடவை வந்தபோது வெளியே தரையில் கை வைக்கத் துணிவில்லை. ஜன்னல் தொட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டேன்.

முக்காலி அங்கேயே நின்றது. ரோட்டில் போகும்போதெல்லாம் பூவுக்கு நடுவே அது தெரியும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அடுத்த வாரம் வெடி எடுப்பவர்கள் வந்தார்கள். புதுச் சாயம் அடித்த கற்களை அடுக்கிவிட்டு, முக்காலியை அண்ணன் கடையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். பழைய வரிசை எங்கே ஓடியது என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்களாம். நான் அந்தப் பக்கம் இன்றுவரை பார்ப்பதில்லை.

படம் அவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. நாங்கள் எல்லோரும் சிரிக்கிறோம். அண்ணன் மட்டும் கீழே பார்க்கிறார். வருகிறவர்கள், "மகள் கல்யாணத்துக்கு வெட்கப்படுறார் பாரு" என்று சிரிப்பார்கள்.

ஒருநாள் கடையில் தனியாக இருக்கும்போது கேட்டேன். "அண்ணே, நாம எந்தப் பக்கம் நின்னோம்?"

அவர் அடுப்புத் திரியைக் கத்தரித்துக்கொண்டே இருந்தார்.

"படத்துல நாய் நல்லா வந்திருக்கு இல்ல?" என்றார்.