பள்ளத்து நாவல் மரங்களும் ஒரு பொக்லைனும்

மரத்துக்கு மரம் இலை பறித்து, பரம்பரை பார்க்கிற ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்புவதுதான் என் உத்தியோகம். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு விளக்கியே வாய் வலித்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். வாங்க, நீங்கள் நம்ம கட்சி.

பஸ்ஸில்

கச்சிராயபாளையத்தில் ஏறியதும் பக்கத்து சீட்டு அக்கா என் பையைத் திறந்தே பார்த்துவிட்டார். உள்ளே நாவல் இலை. சரி, கேட்டுத் தொலையட்டும் என்று ஆரம்பித்தேன்.

பனியுகத்தில் நம் கல்வராயன் மலையைப் பனி மூடவில்லை. குளிர்ந்து, மழைதான் கம்மியானது. மேட்டு மரங்கள் காய்ந்துபோக, ஓடைப் பள்ளத்து ஈரத்தில் மட்டும் கொஞ்சம் மரங்கள் தாக்குப்பிடித்தன. மழை திரும்பியபோது அவற்றில் சிலவற்றின் விதைதான் மேடேறியது. அதனால்தான் பள்ளத்து மரங்களுக்குள் ரகம் ஜாஸ்தி, மேட்டில் கம்மி. அக்கா கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்: "இலை பறிக்கவா கண்ணு எம்மெஸ்ஸி படிச்ச?"

நர்சரியில்

கரியாலூர் பக்கம் அப்படி ஒரு பள்ளம் தணிகாசலம் என்பவரின் பட்டா நிலத்தில் இருக்கிறது. அருவி பார்க்க வருகிறவர்களின் கார் நிறுத்த, அந்த நாவல் மரங்களை வெட்டப்போகிறாராம். பதிலுக்குக் கன்று நடுவாராம்.

அந்தக் கன்றுகளைப் பார்க்கப் போனேன். அத்தனையும் ரோட்டோரம் நிற்கும் ஒரே மரத்தின் விதை! பொறுக்க வசதியாம். ஒரு நோய் வந்தால் கூண்டோடு கைலாசம்தானே என்று கத்தினேன். நர்சரிக்காரர் அசரவில்லை: "வரிசையா நட்டா யூனிபாரம் போட்ட பசங்க மாரி இருக்கும் மேடம், உங்களுக்கு அழகே புடிக்காதா?"

போனில்

மேலதிகாரியிடம் முறையிட்டேன். இலை ஃப்ரீசரில் பத்திரமாக இருக்கிறதே, மரம் போனால் என்ன என்றார். ஃப்ரீசரில் இருக்கிற இலை காய்க்குமா சார் என்று கேட்டேன். "உன்ன இலை பறிக்கத்தான் அனுப்பினோம், சண்டை போட இல்ல."

பள்ளத்தில்

பொக்லைன் வந்த காலை, முதல் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். வேலை போனாலும் போகட்டும், எழுந்திருக்கிறதாக இல்லை. தணிகாசலம் தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் சொன்ன கதையை அவரிடமும் சொன்னேன்.

"பனியுகத்தையே தாங்குச்சின்றீங்க, என் பொக்லைன தாங்காதா?"

"தாங்காதுங்க. பனியுகம் மெதுவா வந்துச்சு. விதை போட்டு இடம் மாற மரத்துக்கு நேரம் இருந்துச்சு."

"அதான் கன்னு வெக்கிறேனே!"

ஆடுகளைக் காட்டினேன். "இதுங்களுக்கு ஒரே கிடாவ காலம் பூரா வெச்சிப்பீங்களா?"

"எவனாவது வெப்பானா? பொறக்கற குட்டியெல்லாம் நோஞ்சானா பூடும். வெளிக் கிடா மாத்திக்கினே இருக்கணும்."

"நர்சரிக் கன்னு அத்தினியும் ஒரே தாய் வயித்துப் புள்ளைங்க. வெளி ரத்தம் இந்தப் பள்ளத்துலதான் இருக்கு."

அவர் மரங்களைப் பார்த்தார், ஆடுகளைப் பார்த்தார், என்னை முறைத்தார். பிறகு டிரைவரிடம் சொன்னார்: "எப்பா, மேட்டுல இருக்கிற பாறைய ஒடைச்சி அங்க காரு வுட்டுக்கலாம், இந்தப் பள்ளந்தான் மரத்துக்குக் கிடாக் கொட்டாயி, இதுல கை வெக்காத!"

எம்மெஸ்ஸியில் படித்ததெல்லாம் ஆட்டிடம் தோற்றுப்போனது, ஆனால் மரம் நிற்கிறது. எனக்கு அது போதும்.